டிரிபைலைட்டு: பச்சைக் கனிமம் மின்கலமான வரலாறு

டிரிபைலைட்டு என்பது இலித்தியமும் இரும்பும் கலந்த ஒரு பாசுபேட்டுக் கனிமம் ஆகும். சாம்பல் கலந்த பச்சை நிறத்திலும் நீலச்சாம்பல் நிறத்திலும் இது கிடைக்கிறது. 1834 ஆம் ஆண்டு செருமனியின் பவேரியாவில் இக்கனிமம் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. அதன்பின் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கனிமவியலாளர்களும் சேகரிப்பாளர்களும் மட்டுமே இதை அறிந்திருந்தனர். 1997 இல் இதன் படிகக் கட்டமைப்பு மின்னேற்றம் செய்யக்கூடிய மின்கலத்துக்கு ஏற்றது என்று தெரியவந்தது. இன்று மின்சாரப் பேருந்துகள், மின் ஆட்டோக்கள், வீட்டு இன்வர்ட்டர்கள் ஆகியவற்றில் பயன்படும் எல்.எஃப்.பி. மின்கலங்களின் நேர்மின்வாய்ப் பொருள், தொழிற்சாலையில் செய்யப்பட்ட டிரிபைலைட்டே ஆகும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றின் நிலத்தடியில் இக்கனிமம் கிடையாது. ஆற்று வண்டலும் செம்புரைப் பாறையும் களிப்பாறையும் கொண்ட நிலம் அது. ஆனால் வாகனத் தொழிலை நம்பி வளர்ந்த இப்பகுதியின் எதிர்காலத்தில் இக்கனிமத்துக்குப் பங்கு உண்டு. இதை மின்கலமாக்கிய அறிவியலின் ஒரு முக்கியமான படியும் ஒரு தமிழ் வேதியியலாளரின் ஆய்வில் அமைந்தது.

பெயரும் கண்டுபிடிப்பும்

பவேரியாவின் ஊனர்கோபல் என்ற இடத்தில் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்து இக்கனிமத்துக்குப் பெயரிட்டவர் யோகான் நெபோமுக் ஃபுக்சு. இவர் மியூனிக்கில் பேராசிரியராக இருந்த வேதியியலாளர். நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம், பொட்டாசியம் சிலிக்கேட்டுக் கரைசல்களை ஆராய்ந்ததற்காக இவரது பெயர் நினைவுகூரப்படுகிறது. கிரேக்க மொழியில் 'மூன்று' என்றும் 'குலம்' என்றும் பொருள்படும் இரு சொற்களை இணைத்து டிரிபைலைட்டு என்ற பெயரை அவர் உருவாக்கினார். இலித்தியம், இரும்பு, மாங்கனீசு ஆகிய மூன்று உலோகங்களின் பாசுபேட்டுகள் இதில் சேர்ந்திருப்பதையே அப்பெயர் குறிக்கிறது.

இலித்தியம் என்ற தனிமமே அப்போது புதியது. 1817 இல்தான் சுவீடனின் ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட்டுக் கனிமத்தில் யோகான் ஆகத்து அர்ஃப்வெட்சன் அதைக் கண்டறிந்திருந்தார். எனவே இலித்தியம் உள்ள ஒவ்வொரு புதிய கனிமமும் வேதியியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

இதே கனிமக் குடும்பத்தைச் சேர்ந்த எட்டரோசைட்டு என்ற கனிமம் இதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1826 இல், பிரான்சின் லிமூசேன் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. இது ஊதா நிறமுடைய இரும்பு மாங்கனீசுப் பாசுபேட்டு. இதில் இலித்தியம் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு அன்று யாருக்கும் தெரியாது.

இயல்புகள்

தூய டிரிபைலைட்டின் ஒரு வாய்ப்பாட்டு அலகில் ஓர் இலித்தியம் அணு, ஓர் இரும்பு அணு, ஒரு பாசுபரசு அணு, நான்கு ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. ஆக்சைடுகளாகக் கணக்கிட்டால் இதன் எடையில் ஏறத்தாழ 45.5 விழுக்காடு இரும்பு ஆக்சைடும் 45 விழுக்காடு பாசுபரசு ஐந்தாக்சைடும் 9.5 விழுக்காடு இலித்தியம் ஆக்சைடும் ஆகும்.

இது செஞ்சாய்சதுரப் படிகத் திட்டத்தில் படிகமாகிறது. மோ அளவுகோலில் இதன் கடினத்தன்மை 4 முதல் 5 வரை. எனவே கத்தி முனையால் கீறலாம். ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.5. கண்ணாடிப் பளபளப்பு முதல் பிசின் போன்ற பளபளப்பு வரை காணப்படுகிறது. கீற்று வெண்மை அல்லது சாம்பல் வெண்மையாக இருக்கும். நல்ல படிகங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. பெரும்பாலும் திரள்களாகவே இது காணப்படுகிறது.

இரும்பின் இடத்தில் மாங்கனீசு நுழைய நுழைய இக்கனிமம் இலித்தியோபைலைட்டாக மாறுகிறது. இவ்விரு கனிமங்களும் ஒரே தொடரின் இரு முனைகள். இலித்தியோபைலைட்டு 1878 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிராஞ்ச்வில்லில் கண்டறியப்பட்டது.

டிரிபைலைட்டின் நிறம் நிலையானதன்று. காற்றும் நீரும் படும்போது பச்சை மங்கிப் பழுப்பாகி, இறுதியில் ஊதாவும் கறுப்பும் ஆகிறது. இந்த நிற மாற்றம்தான் இதன் பிற்கால வரலாற்றுக்குத் திறவுகோல்.

பச்சை நிற இரும்புப் பாசுபேட்டுகள் வேறு சிலவும் உண்டு. 1833 இல் பெயரிடப்பட்ட டூஃப்ரெனைட்டு கரும்பச்சை நிறமுடையது. ராக்பிரிட்சைட்டு என்பது அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்திலுள்ள ராக்பிரிட்சு மாவட்டத்தின் பெயரைத் தாங்கியது. விவியனைட்டு வெட்டியெடுக்கும்போது நிறமற்றதாக இருந்து, ஒளி பட்டதும் பச்சையாகவும் நீலமாகவும் மாறும். இவை மூன்றிலும் நீரோ ஐதராக்சில் தொகுதியோ உண்டு. டிரிபைலைட்டில் அவை இல்லை. மாறாக இலித்தியம் உண்டு. மாணவர்கள் இவற்றை வேறுபடுத்திக் காண இதுவே எளிய வழி.

கிடைக்கும் இடங்கள்

கருங்கல் பாறைக்குழம்பு குளிரும்போது கடைசியாக எஞ்சும் நீர்மத்தில் இலித்தியம், பாசுபரசு போன்ற, பிற கனிமங்களில் இடம்பெறாத தனிமங்கள் செறிகின்றன. அந்த எச்சம் உறையும்போது பெரும்படிகங்கள் கொண்ட பெக்மடைட்டுப் பாறை உண்டாகிறது. டிரிபைலைட்டு இத்தகைய பெக்மடைட்டுகளில்தான் கிடைக்கிறது.

பவேரியாவின் ஊனர்கோபல், ஆகன்டோர்ஃப், சுவீடனின் வருத்ரெசுக், அமெரிக்காவில் நியூ ஆம்சயர் மாநிலத்தின் பலெர்மோ சுரங்கம், தெற்கு டகோட்டாவின் கருங்குன்றுகள், ருவாண்டாவின் புரங்கா ஆகியவை பெயர்பெற்ற இடங்கள். பிரேசில், போர்த்துகல், பின்லாந்து ஆகிய நாடுகளிலும் இது கிடைக்கிறது.

பெக்மடைட்டுக்குள் சுடுநீர் ஊடுருவும்போது டிரிபைலைட்டு சிதைந்து பல புதிய பாசுபேட்டுக் கனிமங்களைத் தருகிறது. ஆகன்டோர்ஃப், பலெர்மோ போன்ற சுரங்கங்களிலிருந்து அரிய கனிமங்கள் பல விவரிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இயற்கை செய்த மின்னேற்றம்

1930களில் சுவீடனின் வருத்ரெசுக் பெக்மடைட்டை ஆராய்ந்த பெர்சி குவென்செல், டிரிபைலைட்டு படிப்படியாக மாறுவதைக் கண்டார். முதலில் அதிலுள்ள இலித்தியத்தின் ஒரு பகுதி கரைந்து வெளியேறுகிறது. அதற்கு ஈடாக இரும்பு ஈரிணைதிற நிலையிலிருந்து மூவிணைதிற நிலைக்கு ஆக்சிசனேற்றம் அடைகிறது. அவ்வாறு கிடைப்பது பெர்ரிசிக்லரைட்டு. இலித்தியம் முழுவதும் நீங்கி, மாங்கனீசும் ஆக்சிசனேற்றம் அடைந்தபின் கிடைப்பது எட்டரோசைட்டு. பின்னர் பிரையன் மேசனும் இம்மாற்றத்தை ஆராய்ந்தார். இத்தொடர் இன்று குவென்செல்–மேசன் தொடர் எனப்படுகிறது.

இதில் குறிப்பிடத்தக்கது, இலித்தியம் வெளியேறிய பின்னும் பாறையின் எலும்புக்கூடு கலையவில்லை என்பதே. இரும்பும் பாசுபேட்டும் முன்பிருந்த ஒழுங்கிலேயே நின்றன. வீட்டிலிருந்த ஆட்கள் வெளியேறியும் சுவர்கள் விழாமல் நிற்பது போன்றது இது. மின்கலத்தை மின்னேற்றம் செய்யும்போது நடப்பதும் இதே வேதிமாற்றம்தான்: இலித்தியம் நேர்மின்வாயிலிருந்து வெளியேறும், இரும்பு ஆக்சிசனேற்றம் அடையும். பாறையில் வெகுகாலம் எடுக்கும் மாற்றம் மின்கலத்தில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மின்னிறக்கத்தின்போது இலித்தியம் திரும்பி வந்துவிடுகிறது. 1826 இல் பெயரிடப்பட்ட ஊதா நிற எட்டரோசைட்டு, மின்னேற்றம் பெற்ற நிலையின் இயற்கை வடிவம். 1834 இன் டிரிபைலைட்டு, மின்னிறக்கம் அடைந்த நிலை. ஆனால் கனிமவியலாளர்களின் இக்குறிப்புகள் மின்வேதியியலாளர்களின் ஆய்வகங்களை எட்ட இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

மந்திரமும் பல்லயனி நேர்மின்வாய்களும்

1980 இல் ஆக்சுபோர்டில் ஜான் குடெனஃப் குழுவினர் இலித்தியம் கோபால்ட்டு ஆக்சைடை நேர்மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். 1991 இல் சோனி நிறுவனம் இதைக் கொண்டு முதல் இலித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கைப்பேசிக்கு அது போதும். ஆனால் கோபால்ட்டு விலை மிக்கது. அதன் சுரங்கங்கள் பெரும்பாலும் காங்கோவில் உள்ளன. மின்னேற்றம் மிகும்போதோ சூடாகும்போதோ அந்த ஆக்சைடு ஆக்சிசனை வெளிவிட்டுத் தீக்கு வழிவகுக்கிறது. மலிவான இரும்பைப் பயன்படுத்த முடியுமா என்பதே அடுத்த கேள்வி. இரும்பு ஆக்சைடுகள் 2.5 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமே தந்தன.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் ஆறுமுகம் மந்திரம். 1951 இல் தென்தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்றார். 1980களின் நடுவில் ஆக்சுபோர்டில் குடெனஃபின் ஆய்வகத்தில் சேர்ந்து, பின் அவருடன் அமெரிக்காவின் ஆசுடினில் உள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1987 இலும் 1989 இலும் வெளியான ஆய்வுரைகளில் மந்திரமும் குடெனஃபும் ஆக்சைடுக்குப் பதிலாக மாலிப்டேட்டு, டங்சுடேட்டு, சல்பேட்டு ஆகிய பல்லயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தனர். முதல் இரண்டும் 3.0 வோல்ட்டும், இரும்பு சல்பேட்டு 3.6 வோல்ட்டும் தந்தன. சல்பேட்டில் கந்தகம் ஆக்சிசனின் எதிர்மின்னிகளை வலுவாகத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரும்புக்கும் ஆக்சிசனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. இரும்பின் ஆற்றல் மட்டம் தாழ்ந்து மின்னழுத்தம் உயர்கிறது. தூண்டல் விளைவு எனப்படும் இக்கருத்து, மலிவான இரும்பை மீண்டும் போட்டிக்குள் கொண்டுவந்தது. சல்பேட்டுக்கு அடுத்து பாசுபேட்டு என்பது இயல்பான படி.

2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு குடெனஃப், இசுடான்லி விட்டிங்காம், அகிரா யோசினோ ஆகியோருக்கு வழங்கப்பட்டது. அப்போது 97 வயதான குடெனஃபின் நோபல் உரையை அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று இசுடாக்கோமில் நிகழ்த்தியவர் மந்திரம்.

1997: கனிமம் மின்கலமாதல்

1997 ஏப்ரலில் அக்சயா பாதி, நஞ்சுண்டசாமி, குடெனஃப் ஆகிய மூவரின் ஆய்வுரை அமெரிக்க மின்வேதியியல் கழகத்தின் இதழில் வெளியானது. ஆலிவீன் கனிமத்தின் கட்டமைப்பைக் கொண்ட பாசுபேட்டுகளை நேர்மின்வாயாகப் பயன்படுத்துவது அதன் பொருள். அவற்றுள் இலித்தியம் இரும்பு பாசுபேட்டு, அதாவது டிரிபைலைட்டு, சற்றேறக்குறைய 3.4 வோல்ட்டு மின்னழுத்தத்தில் இலித்தியத்தை வெளிவிட்டு மீண்டும் ஏற்றது. ஆய்வகத்தில் செய்யப்பட்ட அப்பொருள் கிராமுக்கு 100 முதல் 110 மில்லியாம்பியர் மணி அளவுக்கு மின்னூட்டம் தந்தது. கோட்பாட்டு வரம்பு 170.

குறையும் அந்த ஆய்வுரையிலேயே தெரிந்தது. இப்பொருளில் மின்சாரம் மிக அரிதாகவே பாய்கிறது. இலித்தியம் அயனிகளும் படிகத்தில் ஒரே திசையில் அமைந்த குறுகிய தடங்கள் வழியாகத்தான் நகர முடியும். மெதுவாக மின்னிறக்கம் செய்தால் பயன் தரும். வேகமாகச் செய்தால் தராது. வண்டியை ஓட்ட வேகம் தேவை.

இச்சிக்கல் இரு வழிகளில் தீர்க்கப்பட்டது. 1999 இல் கனடாவின் மான்ட்ரியலில் மிசெல் அர்மாண்டு, நதாலி ராவே முதலானோர் இப்பொருளின் துகள்கள் மீது கரியின் மெல்லிய பூச்சை உண்டாக்கினர். சர்க்கரை போன்ற கரிமப் பொருளைச் சேர்த்துக் காற்றில்லாச் சூழலில் சுட்டால் அது கரியாகித் துகளை மூடிக்கொள்ளும். மற்றொரு வழி, துகள்களை நானோ அளவுக்குச் சிறிதாக்குவது. இவ்வாறு சிறிதாக்கினால் இலித்தியம் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. இவை இரண்டும் சேர்ந்தபின் எல்.எஃப்.பி. மின்கலம் விரைவாக மின்னேறும் மின்கலங்களுள் ஒன்றாயிற்று.

மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் யெட்-மிங் சியாங் 2001 இல் ஏ123 நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அந்நிறுவனம் இம்மின்கலங்களைப் பேரளவில் தயாரித்தது. 2012 அக்டோபரில் திவாலாகி, சீனாவின் வான்சியாங் குழுமத்தின் கைக்குப் போனது.

காப்புரிமைப் போர்

டெக்சாசு பல்கலைக்கழகம் 1996 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது; 1999 இல் அது கிடைத்தது. ஆனால் குடெனஃபின் ஆய்வகத்துக்கு வருகை ஆய்வாளரை அனுப்பியிருந்த சப்பானின் என்.டி.டி. நிறுவனம் 1995 இலேயே சப்பானில் விண்ணப்பித்திருந்தது. பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கு 2008 இல் என்.டி.டி. 3 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டதுடன் முடிந்தது. அதே ஆண்டு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் பல்கலைக்கழகத்தின் ஐரோப்பியக் காப்புரிமையை நீக்கியது. ஏ123 உடனான வழக்கு 2011 வரை நீடித்தது.

மேற்கு நாடுகளில் வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோது, சீன நிறுவனங்கள் தம் உள்நாட்டுச் சந்தைக்கு உரிமத்தொகை இன்றித் தயாரிக்க வழி கிடைத்தது. அவை பேருந்துகளிலும் கார்களிலும் இம்மின்கலத்தைப் பயன்படுத்தி, உற்பத்தி நுணுக்கங்களைக் கற்றுத் தேர்ந்தன. 2020 இல் பி.ஒய்.டி. நிறுவனம் நீண்ட தகடு வடிவ எல்.எஃப்.பி. மின்கலத்தை அறிமுகப்படுத்தியது. 2021 இல் டெசுலா தன் அடிப்படை வகைக் கார்கள் அனைத்திலும் எல்.எஃப்.பி.யைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. 2022 அளவில் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியாயின. ஆனால் அதற்குள் உலகின் எல்.எஃப்.பி. நேர்மின்வாய்ப் பொருளில் மிகப் பெரும்பங்கு சீனாவில் தயாராகத் தொடங்கிவிட்டது. 2025 சூலையில் இப்பொருளைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சீனா சேர்த்தது.

தீயும் பாதுகாப்பும்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றம் செய்யப்பட்ட மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அதே மாத இறுதியில் சென்னை மஞ்சம்பாக்கம் அருகே சாலையில் ஒரு ஸ்கூட்டர் எரிந்தது. ஏப்ரலில் பூந்தமல்லிக்குப் பக்கமான போரூரில் ஒரு மின் ஸ்கூட்டர் விற்பனையகமே எரிந்தது. இந்நிகழ்வுகளுக்குப் பின் மின்கலப் பொதிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

இங்குதான் டிரிபைலைட்டின் கட்டமைப்பு முக்கியத்துவம் பெறுகிறது. ஆக்சைடு நேர்மின்வாய்கள் சூட்டில் ஆக்சிசனை வெளிவிடும். பாசுபேட்டில் ஒவ்வொரு ஆக்சிசன் அணுவும் பாசுபரசுடன் வலுவாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளிவராது. எனவே எல்.எஃப்.பி. மின்கலம் தீப்பற்றும் வாய்ப்பு குறைவு. ஆனால் அது தீப்பற்றவே பற்றாது என்று கொள்வது தவறு. அதிலுள்ள மின்பகுளி எரியக்கூடிய கரிமக் கரைப்பானே. தரமற்ற மின்கலம், பழுதான மேலாண்மைச் சுற்று, பொருந்தாத மின்னேற்றி ஆகியவை எந்த மின்கலத்தையும் ஆபத்தாக்கும்.

வேறு குறைகளும் உண்டு. ஒரே எடைக்கு நிக்கல் வகை மின்கலங்களைவிட இது குறைந்த ஆற்றலையே சேமிக்கும். கடுங்குளிரில் இதன் செயல்திறன் குறையும். சென்னைக்கு அது பொருட்டன்று. ஒரு மின்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட்டு. நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட்டு கிடைப்பதால், 12 வோல்ட்டு ஈய அமில பேட்டரிகளின் இடத்தில் இதைப் பொருத்துவது எளிதாகிறது.

மேற்குச் சென்னையும் இக்கனிமமும்

அம்பத்தூரில் 1950களின் தொடக்கத்தில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 1961 இல் பாடியில் லூக்காசு டி.வி.எசு. நிறுவனமும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு வேண்டிய உதிரிபாகங்களைச் செய்யும் சிறுபட்டறைகள் இத்தொழிற்பேட்டையைச் சுற்றிப் பெருகின. மின்வண்டியில் கார்புரேட்டரும் பிசுடனும் கிடையாது. வண்டியின் விலையில் பெரும்பகுதி மின்கலத்துக்கே போகிறது. எனவே மின்கலம் எங்கே செய்யப்படுகிறது என்பது இப்பட்டறைகளின் பிழைப்பையும் சார்ந்த கேள்வி.

மாற்றம் தொடங்கியிருக்கிறது. டி.ஐ. குழுமம் 2022 முதல் அம்பத்தூரில் மின் ஆட்டோக்களைத் தயாரிக்கிறது. லூக்காசு டி.வி.எசு. 2021 இல் அமெரிக்காவின் 24எம் நிறுவனத்துடன் மின்கலத் தொழில்நுட்ப உரிமத்துக்கு ஒப்பந்தம் செய்தது. ஏ123ஐத் தொடங்கிய சியாங்கே 24எம் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 2025 சூன் 30 அன்று சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. பூந்தமல்லி பணிமனையும் இத்திட்டத்தில் அடங்கும்.

ஆராய்ச்சியிலும் தமிழகத்துக்கு அடித்தளம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவருகிறது. 2018 இல் அது தன் இலித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை ஓர் இந்திய நிறுவனத்துக்கு வழங்க ஒப்பந்தம் செய்தது. ஒன்றிய அரசு 2021 இல் 18,100 கோடி ரூபாய் மதிப்பில் மின்கல உற்பத்தி ஊக்கத் திட்டத்தை அறிவித்தது.

மூலப்பொருள் நிலை

தொழிற்சாலைகள் டிரிபைலைட்டைச் சுரங்கத்திலிருந்து எடுப்பதில்லை. இரும்பு உப்பு, பாசுபாரிக் அமிலம், இலித்தியம் கார்பனேட்டு முதலியவற்றைக் கலந்து, கரிமப் பொருள் சேர்த்து, காற்றில்லா உலையில் சுட்டு அதே படிகத்தை உருவாக்குகின்றன. எனவே டிரிபைலைட்டுச் சுரங்கம் இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம்.

இதற்கான மூன்று மூலங்களில் இரும்பு தமிழகத்துக்குப் புதியதன்று. சேலத்துக் கஞ்சமலையின் மாக்னடைட்டு புகழ்பெற்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஊட்டத்தூர்ப் பகுதியில் பாசுபேட்டு முடிச்சுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டன. இலித்தியம்தான் இல்லை. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் 1,600 டன் அளவிலான இலித்திய வளமும், 2023 பிப்ரவரியில் சம்மு காசுமீரின் ரியாசியில் 59 இலட்சம் டன் அளவிலான இலித்தியத் தாது இருப்பும் முதற்கட்ட மதிப்பீடாக அறிவிக்கப்பட்டன. இவற்றை வெட்டியெடுப்பது இலாபகரமாக இருக்குமா என்பது மேலும் ஆய்வுக்குரியது.

பவேரியப் பாறையில் ஃபுக்சு கண்ட மூன்று குலங்களில் இரும்பு எங்கும் கிடைப்பது. அதன் மதிப்பு, அதைப் பாசுபேட்டுடன் சேர்த்து மின்கலமாக்கும் அறிவில்தான் உள்ளது. அவ்வறிவின் ஒரு பகுதி மதுரையிலும் சென்னையிலும் படித்த ஒருவரிடமிருந்து பிறந்தது. அதைத் தொழிலாக்கும் வாய்ப்பு இப்போது அம்பத்தூர், பாடி, ஆவடிப் பட்டறைகளின் முன் உள்ளது.